வெள்ளிக்கிழமையன்று ஊறிய மான் கறி

1947 ஜனவரி என்று உறுதியாகச் சொல்வேன். அண்ணி இன்றும் 46 என்றுதான் சாதிப்பாள். ஆனால் 46 ஜனவரியில் அண்ணன் பட்டாளத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்திருந்தது, பொங்கலும் முடிந்திருந்தது, தவக்காலம் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. சாந்தோமில் விடியற்காலைப் பூசைக்குப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிற குளிர்.

கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து இறங்கும் தெருவில் எங்கள் வீடு. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான். நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு அச்சாபீசில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் அண்ணியின் அப்பாவும் எங்களுடன் தங்கியிருந்தார். திருச்சியில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் காமாலை வந்து உடம்பில் ரத்தமே இல்லாமல் போய், மதராஸ் வைத்தியம் பார்க்க வந்தவர்.

அவர் எங்கள் வீட்டில் இரண்டு காரியத்துக்காகத் தங்கியிருந்தார். ஒன்று வைத்தியம். இன்னொன்று, மகளையும் மாப்பிள்ளையையும் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போவது. தன்னிடம் படித்த ஒருவர் மூலமாக அங்கே ஒரு சர்க்கார் அலுவலகத்தில் அண்ணனுக்கு ஒரு குமாஸ்தா இடத்தைப் பேசி வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் இன்டர்மீடியட் தேறியவன். பட்டாளத்திலும் குமாஸ்தாவாகத்தான் சேர்ந்தான். ஈராக்கில் பஸ்ரா பக்கம் இருந்தபோது ஆபீசர்கள் மெஸ்ஸில் சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்து, ஒரு வாரம் மட்டும் என்று அண்ணனை அடுப்படிக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு யுத்தம் முடியும்வரை அவன் மேஜைக்குத் திரும்பவில்லை. அங்கே ஒரு கோவாக்காரரிடம் கறியை வினிகரில், நம் ஊர்ப் பேச்சில் காடியில், ஊறப்போடுவது, கரி நெருப்பில் வாட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டான். ஊர் திரும்பியதும், 'எனக்கு இந்த வேலைதான் வேணும்' என்றான். அம்மாவுக்கு அவன் எந்த வேலை செய்தாலும் சரி, மதராஸில் செய்தால் போதும். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா சொன்னார்.

"படிச்ச பையன்னு பொண்ணு கொடுத்தேன் மாப்பிள்ளை. ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? கறி வறுக்கிறார்னா?"

"வறுக்கிறதில்ல மாமா, வாட்டுறது" என்றான் அண்ணன்.

"ரெண்டும் அடுப்புதானே?"

அண்ணன் அடையாறில் ஒரு வியாபாரக் கம்பெனியின் விருந்தினர் பங்களாவுக்குச் சமையல் பொறுப்பு பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே மேலாளராக இருந்த வெள்ளைக்காரர் வேட்டைப் பிரியர். அந்த வாரம் செங்கல்பட்டுப் பக்கத்துக் காட்டில் ஒரு மானைச் சுட்டிருந்தார். சிபாரிசுக் கடிதங்களையெல்லாம் அவர் பார்க்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஆள் சைக்கிளில் வந்து, ஈரச் சாக்கில் சுற்றிய மான் தொடை ஒன்றை இறக்கிவைத்துவிட்டு, செய்தி சொல்லிவிட்டுப் போனான்: பங்களா சமையலறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். அதனால் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வரட்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தோட்டத்தில் வாட்டிக் கொடுக்கட்டும். விருந்தாளிகள் வருகிறார்கள். சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆகவே அந்த மான் தொடை சரியாக அமைந்தால் அண்ணன் அடையாறு. இல்லாவிட்டால் திருச்சி. வீட்டில் இருந்த ஐந்து பேருக்கும் இது தெரியும்.

மான் கறியை அண்ணன் எப்படிப் பக்குவம் செய்தான் என்பதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது. காட்டு மிருகத்தின் இறைச்சியில் கொழுப்பு கிடையாது. ஆட்டுக்கறி மாதிரி சும்மா நெருப்பில் போட்டால் செருப்புத் தோல் ஆகிவிடும். ஒரு பச்சை வாடையும் இருக்கும். பட்டாள மெஸ்ஸில் அதற்கு ஒயின் ஊற்றி ஊறவைப்பார்களாம். நம் வீட்டில் ஒயின் ஏது? கள்ளைப் புளிக்கவைத்த காடி இருந்தது. சாந்தோமில் அப்போது எல்லாக் கிறிஸ்தவர் வீட்டு உக்கிராண அறையிலும் ஒரு பீங்கான் ஜாடி காடி இருக்கும். அண்ணன் தொடையிலிருந்து எலும்பை எடுத்து, வெள்ளைச் சவ்வையெல்லாம் கத்தி முனையால் உரித்து, நாருக்குக் குறுக்கே இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு போட்டான். அதற்கு அவன் சொன்ன பெயர் 'ஸ்டேக்'. அம்மா கடைசிவரை 'கட்டைக் கறி' என்றுதான் சொன்னாள்.

மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்து, பூண்டு, கடுகு, கிராம்பு, பட்டை எல்லாம் தட்டிப்போட்டு, நல்லெண்ணெய் தடவி, உப்பு சேர்த்து, ஜாடியிலிருந்த காடி முழுவதையும் அதன் மேல் ஊற்றினான். ஊற்றுவதற்கு முன் ஜாடியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தான். நல்ல காடியை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவன் கட்சி. வாசனை பிரமாதமாக இருந்தது. வியாழக்கிழமை முழுவதும் கறி ஊறியது. அவ்வப்போது போய்த் துண்டுகளைப் புரட்டிப்போட்டுவிட்டு வருவான், குழந்தையைப் புரட்டிப் படுக்கவைப்பது போல.

வெள்ளிக்கிழமை காலை பூசை முடிந்து வந்ததும் அம்மா உக்கிராண அறைக்குள் போனாள். போனவள் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இதுல இருந்த காடி எங்கடா?"

"கறிக்கு ஊத்திட்டேம்மா."

"எல்லாத்தையுமா?"

"ஆமா. ஏன்?"

"அதுல உப்பு போட்டு வெச்சிருந்தேனேடா! எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு. பொங்கல் கூட்டம் கழியட்டும், அப்புறம் காய் வாங்கலாம்னு விட்டிருந்தேன்."

அண்ணன் ஜாடியை வாங்கி உள்ளே பார்த்தான். "எவ்வளவு போட்ட?"

"எவ்வளவுன்னா? கையால அள்ளித்தான் போட்டேன். ஊறுகாய்க்கு எவ்வளவு போடுவாங்களோ அவ்வளவு."

அந்த உப்பு போதாதென்று அண்ணன் தன் பங்குக்கு வேறு போட்டிருந்தான்.

கழுவிவிட்டால் ஆயிற்று என்று நான் சொன்னேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். உப்பு மேலோடு நின்றிருந்தால் கழுவினால் போதும். உள்ளே ஏறியிருந்தால் நெடுநேரம் ஊறவைத்து இறக்க வேண்டும். உப்பு ஏறாத கறியை அப்படி ஊறவைத்தால் இருக்கிற கொஞ்ச ருசியும் போய், துவைத்த துணி மாதிரி ஆகிவிடும். எது செய்வது என்று தெரிய ஒரே வழிதான். ஒரு சிறு துண்டை வாட்டி, வாயில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வாயில் போட ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதன் கனம் புரியாது. அன்று எங்கள் தெருவில் கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை, ஏசு உயிர்விட்ட கிழமை, இறைச்சி உண்பதென்பது நடக்காத காரியம். இறைச்சி மட்டுமில்லை, இறைச்சி வெந்த சாறும் கூடாது. சமைக்கிறவன் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் தோஷமில்லை என்று சில கிறிஸ்தவ வேத சாஸ்திரிகள் எழுதியிருப்பதாகப் பின்னாளில் படித்தேன். அன்றே படித்திருந்தாலும் அம்மாவிடம் செல்லுபடியாகியிருக்காது. அண்ணனுக்கோ சொந்தமாக ஒரு பொருத்தனை வேறு இருந்தது. பட்டாளத்தில் சிப்பாய்களுக்கு விலக்கு உண்டு, எல்லாக் கிழமையும் எல்லாம் தின்றிருக்கிறான். பஸ்ராவில் டைபாய்டு கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உயிரோடு ஊர் திரும்பினால் வெள்ளிக்கிழமை தன் நாக்கில் இறைச்சி படாது என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்தவன்.

கொல்லையில் கரி அடுப்பை மூட்டி ஒரு துண்டை வாட்டினான். நெருப்பில் காடியும் பூண்டும் மிளகும் சேர்ந்து எழுப்பிய மணத்தில் வீடே கிறங்கியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பட்டினப்பாக்கத்து மீன்காரி கூடையோடு வந்து சேர்ந்தாள். வெள்ளிக்கிழமைதான் எங்கள் தெருவில் அவளுக்கு வியாபாரம்.

"இன்னாம்மா, சங்கரா கீது, நல்லா உயிரா கீது, எடுத்துக்கறியா?" என்று கூடையை இறக்கினாள். பிறகு மோப்பம் பிடித்தாள். "இன்னா வாசன இது? இன்னிக்கி நீங்கோ துண்ண மாட்டீங்களே?"

அண்ணி தட்டை நீட்டினாள். "மான் கறி. ஒரு வாய் துண்ணு பாத்து உப்பு சொல்லேன்."

மீன்காரி இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ, வெள்ளிக்கெழமம்மா! ஆத்தாளுக்கு வெளக்கு வெக்கற நாளு. கவுச்சி தொடமாட்டேன்."

"கூடை பூரா கவுச்சிதானே?" என்றேன்.

"இது நீ துண்றதுக்கு நைனா. நானா துண்றேன்?" என்றாள் அவள். "நாளிக்கி வெச்சிரு. நாளிக்கி வந்து சட்டியோட துண்ணுட்டுப் போறேன்."

சங்கரா மீனை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவைத்தோம். எதிர் வீட்டுக்காரர்கள் முட்டைகூடத் தொடாதவர்கள், கேட்பதில் அர்த்தமில்லை. சாயங்காலத்துக்குச் சவுக்குக் கரி மூட்டை கொண்டுவந்த கரிக்கடை பாயை அண்ணன் ஆவலோடு உட்காரவைத்தான். பாய் தட்டைப் பார்த்தார். மான் அவர்களுக்கு ஆகும் என்றார். பிறகு கேட்டார்: "சுடறப்ப அல்லா பேர் சொன்னாங்களா? உயிர் இருக்கறப்பவே அறுத்தாங்களா?"

"சுட்டது வெள்ளைக்காரர் பாய். என்ன சொல்லிச் சுட்டாரோ?"

"அப்ப நமக்கு வேணாம் தம்பி" என்று வருத்தத்தோடுதான் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "வாசன மட்டும் ஜோரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதராஸ் பட்டணத்தில் இத்தனை லட்சம் நாக்கு இருந்து, உப்புப் பார்க்க ஒரு நாக்கு கிடைக்கவில்லை. அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி அப்போதுதான், யாரையும் பார்க்காமல், சொன்னாள். "அப்பாவுக்கு அனுமதி இருக்கே."

உண்மைதான். டாக்டர் அவருக்குத் தினமும் ஈரலும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுக்கச் சொல்லியிருந்தார். பங்குச் சாமியார் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து அனுமதி கொடுத்திருந்தார். அதில் அவருக்கு எவ்வளவு கூச்சமென்றால், மற்ற நாட்களில் கூடத்தில் உட்கார்ந்து சூப்பு குடிக்கிறவர் வெள்ளிக்கிழமை மட்டும் தன் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார். கிண்ணத்தைத் தானே கழுவி வைத்துவிடுவார்.

"அவர்கிட்டயா?" என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த வேலை கெட்டுப்போகணும்னு ஜெபமாலை சொல்றவர்கிட்டயா?"

"அத்தை, எங்கப்பா அப்படியெல்லாம் ஜெபம் பண்ண மாட்டார்."

"வாய் விட்டுப் பண்ணினா உனக்குத் தெரியும்."

அண்ணன் எழுந்து, வாட்டிய துண்டைச் சாய்வாக நறுக்கித் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். நான் பின்னால் போனேன். பெண்கள் இருவரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள்.

அண்ணியின் அப்பா சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் விஷயத்தை மறைக்காமல் சொன்னான். காடி, ஊறுகாய் உப்பு, மீன்காரி, பாய், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் சொல்றதை வெச்சுத்தான் முடிவு பண்ணப்போறீங்களா?"

"ஆமா மாமா. வேற யாரும் இல்ல."

"வேற யாரும் இருந்தா எங்கிட்ட வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருக்க மாட்டேன்" என்றான் அண்ணன்.

அவர் தண்ணீர் கேட்டார். வாய் கொப்பளித்தார். ஓரத்துத் துண்டு ஒன்றை எடுத்து மென்றார். மறுபடி வாய் கொப்பளித்துவிட்டு, நடுவிலிருந்து ஒன்று கேட்டார். அதை வெகுநேரம் மென்றார். பரீட்சைத் தாளில் ஒரே விடையை இரண்டு முறை படிக்கிற முகம். தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"உப்பு அதிகம். கொஞ்ச நஞ்சமில்ல. ஓரத்துல மட்டும் இருக்கும்னு நினைச்சேன், நடுவுலயும் அதே அளவு இருக்கு. இதை யாருக்கும் வெக்க முடியாது." செய்தித்தாளை மறுபடி எடுத்துக்கொண்டார்.

கொல்லைக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். "நான் சொல்லலை? இப்ப நீ அதை ஊறவெச்சு சப்புனு ஆக்கணும். அதுதானே அவருக்கு வேணும். அடுத்த வாரமே திருச்சிக்கு டிக்கெட்."

அண்ணி திரும்பி, அம்மாவை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணன் ஜாடி மூடியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால் அவர் பக்கத்திலும்கூட ஒரு நியாயம் இருந்தது. மகளைத் தன்னருகே வைத்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும், அந்த வார்த்தையை நாங்களே போய்க் கேட்டிருந்தோம்.

"கேட்டது நான்" என்றான் அண்ணன் கடைசியில். "கேட்டுட்டு நம்பலைன்னா எதுக்குக் கேட்டேன்? அம்மா, உப்புக்கண்டத்துல உப்பு இறங்க நீ என்ன பண்ணுவ?"

அம்மா அரிவாள்மணையைக் காலால் நகர்த்திவிட்டு எழுந்தாள். "தேங்காய்ப் பால்லதான் போடுவேன். ரெண்டாம் பால். தண்ணில போட்டா கறி செத்துப்போயிடும்." சொல்லிக்கொண்டே தேங்காயை எடுத்து வாசற்படியில் உடைத்தாள். நம்பவில்லை, ஆனால் உடைத்தாள். அண்ணி துருவினாள், நான் பிழிந்தேன். துண்டுகளைக் கழுவித் துடைத்துப் பாலில் போட்டோம். பால் மாற்றி மாற்றிச் சாயங்காலம்வரை ஊறியது. பிறகு அண்ணன் எல்லாவற்றையும் எடுத்து ஈரம் போகத் துடைத்து, புதிதாக மிளகும் பூண்டும் மட்டும் தடவினான். உப்பைத் தொடவே இல்லை.

ரிக்‌ஷாவில் அண்ணன் மடியில் பாத்திரம், என் மடியில் கறி வாட்டும் கம்பிச் சட்டம். பழைய ஜன்னல் கம்பிகளை வைத்து மயிலாப்பூரில் ஒரு கொல்லரிடம் அடித்து வாங்கியது. காலடியில் கரி மூட்டை. அடையாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது காற்று பலமாக இருந்தது. பாலம் தாண்டினால் அந்த நாளில் மாந்தோப்பும் மதில் சுவரும்தான், நடுநடுவே ஒரு பங்களா. பாலத்தின் நடுவில் அண்ணன், "அவர் ரெண்டாவது துண்டு கேட்டார், கவனிச்சியா?" என்றான். கவனித்தேன் என்றேன். அது எந்தப் பக்கத்துக்குச் சாட்சி என்று இருவருக்கும் தெரியவில்லை.

தோட்டத்தில் செங்கல் அடுக்கி, சவுக்குக் கரியைக் கொட்டிப் பற்றவைத்தான். சுடர் அடங்கி, கரி மேல் வெண்சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருந்தான். அவசரக்காரனுக்கு இந்த வேலை வராது என்று அப்போது புரிந்தது. கம்பி காய்ந்ததும் துண்டுகளை வைத்தான். சீறின. வெங்காயத்தாள் கட்டு ஒன்றை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து மேலே தடவிக்கொண்டே இருந்தான். கொழுப்பில்லாத கறிக்கு அதுதான் கொழுப்பு. குத்தவில்லை, அழுத்தவில்லை, ஒரே ஒரு முறைதான் புரட்டினான். எடுத்ததும் பரிமாறவிடாமல் தட்டைக் கவிழ்த்து மூடிக் கொஞ்ச நேரம் வைத்தான்.

பங்களாவில் பரிமாறுகிற ஆள், வயதானவர், மூடியைத் தூக்கி ஒரு துண்டின் வெட்டுவாயைப் பார்த்துப் பதறினார். "இன்னா நைனா, உள்ள செவப்பா கீதே! வேகவே இல்லியே!"

"அப்படித்தான் இருக்கணும். எடுத்துக்கினு போங்க."

"நான் எடுத்துக்கினு போறேன். திட்டு உனக்குத்தான்."

அவர் உள்ளே போனார். நாங்கள் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் கையில் அவன் சமைத்த கறியின் சாறு வழிந்து காய்ந்திருந்தது. அதன் ருசி உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியாது என்பது போல இருந்தது.

சற்று நேரத்தில் அந்தப் பெரியவர் திரும்பி வந்தார். "துரை உப்பு கேக்கறாரு. உப்பு டப்பி எங்க வெச்சானுங்கோ, வெள்ளையடிக்கறேன்னு எல்லாத்தையும் மாத்திட்டானுங்கோ..."

அண்ணன் மீந்திருந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். "சப்புனு இருக்காமா?" என்று கேட்டான்.

"அவரு எப்பவும் கேப்பாரு. சூப்புக்கும் கேட்டாரு, முட்டைக்கும் கேப்பாரு. துண்ணு பாக்காமயே கேக்கற ஆளு அவரு." பெரியவர் ஜன்னல் விளிம்பில் டப்பியைக் கண்டுபிடித்துவிட்டார். போகிற போக்கில், "மத்த மூணு பேரும் வாயத் தொறக்கல. துண்ணுக்கினே கீறாங்க" என்றார்.

பிறகு மேலாளரே வெளியே வந்தார். கையில் துடைக்கும் துணி அப்படியே இருந்தது. நெருப்பையும் கம்பிச் சட்டத்தையும் சுற்றிவந்து பார்த்தார். இதைக் காடியிலா ஊறவைத்தாய், ஒரு இனிப்பு தெரிகிறதே, அது என்ன என்று கேட்டார். தேங்காய்ப் பால் என்றான் அண்ணன். மேலாளர் புருவத்தைத் தூக்கினார். அது பட்டாளத்தில் கற்றதா என்றார். இல்லை, எங்கள் அம்மா சொன்னது என்றான். வெள்ளையடிப்பு முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். மான் கறி எப்போது வந்தாலும் இதே பக்குவம்தான், மாற்றக் கூடாது என்றும் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அண்ணன் எழுவதற்கு முன்பே அம்மா கறி அலமாரியைத் திறந்து, முந்தின நாள் வாட்டி மீந்திருந்த அந்தப் பரீட்சைத் துண்டை எடுத்து ஒரு கடி கடித்தாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், பார்த்தேன். அப்படியே கொல்லைக்கு ஓடித் துப்பினாள். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். என்னைப் பார்த்து, "கடல் தண்ணி தேவல" என்றாள். வழக்கமாகச் சம்பந்திக்கு அண்ணிதான் காப்பி கொண்டுபோவாள். அன்று அம்மா கொண்டுபோனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பேசியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் டபரா திரும்பி வரும்போது அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணன் குளித்துவிட்டு அவர் அறைக்குப் போனான். "ரொம்ப நன்றி மாமா."

"நன்றி எதுக்கு? முப்பது வருஷம் பேப்பர் திருத்தினவன் நான். பிடிக்காத பையன்னு மார்க்கைக் குறைச்சதில்ல." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்த வேலை எனக்கு இன்னும் பிடிக்கலைங்கறதையும் சொல்லிடறேன்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா சரி."

தொடையில் கொஞ்சம் மீதி வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அண்ணன் கொல்லையில் மறுபடி நெருப்பு போட்டான். மீன்காரி சொன்னபடி முந்தின நாள் வரவில்லை, அவள் கணவனுக்கு வலை நிறைய மத்தி விழுந்து வேலை இழுத்துக்கொண்டதாம். நாங்கள் ஐந்து பேரும் பலகை போட்டு உட்கார்ந்தோம். அன்றுதான் முதல் முறையாக நான் அதை வாயில் வைத்தேன். மேல்பாகம் கரி மணத்தோடு லேசாக மொறுமொறுத்தது. உள்ளே அவ்வளவு மெதுவாக இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை. காடியின் புளிப்பு முதலில் வந்தது, மிளகு பின்னால், எல்லாம் அடங்கிய பிறகு தேங்காயின் இனிப்பு ஒரு இழை. ரேஷன் அரிசிச் சோறு அன்று யாருக்கும் இறங்கவில்லை, கறியே போதுமென்று இருந்துவிட்டோம். அண்ணி தன் அப்பாவுக்கு இன்னொரு துண்டு வைத்தபோது, அவர் வேண்டாமென்று கையைக் காட்டவில்லை.

உடம்பு தேறிவிட்டது, பிப்ரவரி பிறந்ததும் அவர் தனியாகத் திருச்சிக்குப் புறப்பட்டார். எழும்பூரில் ரயில் ஏற்றிவிட எல்லோரும் போயிருந்தோம். பிளாட்பாரத்தில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் எதிர்ப்பட்டு, மாப்பிள்ளை இப்போது என்ன செய்கிறார் என்று அவரிடம் விசாரித்தார். "அடையாறுல ஒரு கம்பெனியில உத்தியோகம்" என்றார் இவர். அண்ணன் என் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பெட்டியை வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவர் அண்ணனைக் கிட்டே வரச் சொன்னார். வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தவர் போல, சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமா மாப்பிள்ளை, அந்தப் பங்களாவுல வெள்ளிக்கிழமை கறி ஆக்கினா, ருசி பாக்க யார் இருக்கா?"

"பரிமாறுற பெரியவர் பாக்கறேன்னிருக்கார் மாமா."

"அவர் எப்படி?"

"செவப்பா இருந்தா வேகலைம்பார். மத்தபடி நல்ல மனுஷன்."

அவர் திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார். "நடுத்துண்டைக் கொடுங்க. ஓரத்தைக் கொடுத்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டு தடவை கொடுங்க, நடுவுல வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க" என்றார். ரயில் நகரும்போதும் ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அண்ணன் எல்லாவற்றுக்கும் "சரி மாமா, சரி மாமா" என்று கூடவே நடந்தான்.